தேங்காய்ப்பூத் துண்டு

புதுசா வந்திருக்கிற நீங்க நாலு பேரும் ஆளுக்கொரு நோட்டோட உக்காந்திருக்கீங்க. மூடி வைங்க. மிஷினை எப்படி ஓட்டுறதுன்னு சொல்றதுக்கு நான் வரலை, அதெல்லாம் சுவத்துலயே ஒட்டியிருக்கு. படிச்சும் புரியலைன்னா பக்கத்துல இருக்கிறவங்களக் கேளுங்க, வெக்கப்படாதீங்க. நான் இந்த சோதனை அறையில இருபத்தாறு வருஷம் எடை போட்டவ. அதுல பதினோரு நாள் பொய் எழுதியிருக்கேன். தெரிஞ்சு எழுதலை, ஆனா எழுதினது பொய்தான். அந்தப் பதினோரு நாள்ல ஒரு மனுஷன் தன் சூளைய விட்டே போக இருந்தாரு. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

நாம செய்யறது ஓட்டைக் குழாய். கல்யாணமான புதுசுல எங்க மாமியார், "எங்க மருமக ஓட்டை போட்டு விக்கிற கம்பெனில வேலை பாக்குது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. தப்பில்லை. மண்ணுல உமித்தூளைக் கலந்து குழாயா அழுத்திச் சூளையில வைக்கிறோம். உமி எரிஞ்சு போயிடும், அது இருந்த இடம் மட்டும் மிஞ்சும். அந்த இடம் வழியாத்தான் காத்து போகணும். தீ கூடிப்போனா துளையெல்லாம் அடைஞ்சுக்கும். குறைஞ்சுபோனா குழாய் கைய வச்சாலே உதிரும். சோறு மாதிரிதான், குழையவும் கூடாது, அரை வேக்காட்டுலயும் நிக்கக் கூடாது.

நம்ம குழாய் எங்க போகுதுன்னு நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். திருவேட்டக்குடி பக்கம் ஒரு இறால் பண்ணை, ஹேச்சரின்னு சொல்வாங்க. உள்ள பாதி இருட்டு. வரிசையாத் தொட்டி, ஒவ்வொரு தொட்டியோட அடியிலயும் நம்ம குழாய் படுத்திருக்கு. அதுலேருந்து காத்து பொடிப்பொடியா, புகை மாதிரி மேல ஏறிட்டே இருந்துச்சு. ஒரு பீக்கர்ல தண்ணிய மொண்டு வெளிச்சத்துல காட்டினாங்க. தூசின்னு நெனைச்சேன். அத்தனையும் இறால் குஞ்சு. குழாய் ஒடைஞ்சு காத்து ஒரு மணி நேரம் நின்னாப் போதும், தொட்டியே போச்சுன்னு சொன்னாங்க. வெளிய கடல் சத்தம், உள்ள அந்தக் குமிழிச் சத்தம். எது எதுன்னு பிரிச்சுக் கேக்க முடியாம கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

நம்ம அறையிலயும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கே, பாத்தீங்களா? குழாயை உள்ள முக்கிக் காத்த ஏத்தி, குமிழி எப்படி வருதுன்னு பாக்கிறதுக்கு. சாயங்காலம் மூணு மணிக்கு மேல மேற்கு ஜன்னல் வெயில் அதுல நேரா விழும். குமிழி ஒவ்வொண்ணும் பொன்னாத் தெரியும். வேலை இல்லாட்டியும் நான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல அடுப்புல என்ன இருந்துச்சு, புள்ளைக்கு என்ன பரிட்சைன்னு எல்லாம் அந்தக் குமிழியோடவே மேல போயிடும். என்னைச் சோம்பேறின்னு நெனைச்சவங்க உண்டு. நெனைக்கட்டும்.

இப்ப சூளை அண்ணன். அம்பகரத்தூர்க்காரரு. கொஞ்சம் நெலம் உண்டு, நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் லீவு கேப்பாரு. மத்த நாளெல்லாம் சூளைக்கு முன்னாடிதான். சூளைக்கு மீட்டர் இருக்கு, ஆனா அவரு மீட்டரை ஒரு தரம் பாத்தா தீயை நாலு தரம் பாப்பாரு. சூளை ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு, "பூசணிப்பூ நெறம் வந்துடுச்சு, நிறுத்திடலாம்"பாரு. அவரு நிறுத்தின சூளையில இருந்து எடுத்த குழாயில ஒரு சில்லை ஒடைச்சு நான் சோதிச்சா நூத்துக்கு நாப்பத்திரெண்டு பங்கு துளை இருக்கும். வருஷக்கணக்கா அதே நாப்பத்திரெண்டு. அவரு தன் கண்ணால பாத்ததை நான் தராசால பாத்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சூளைய ரெண்டு நாள் அணைச்சு வச்சோம். ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும்ல. சூளையத் துடைச்சு, மாலை போட்டு, முன்னாடி பூசணிக்காய் உடைச்சு, பொரிகடலை குடுத்தாங்க. நான் மட்டும் சளைச்சவளா? சோதனை அறையை ஒட்டடை அடிச்சுக் கழுவி விட்டேன். தராசுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். அப்பத்தான் கிண்ணத்துல கிடந்த பழைய ஈரத்துணி கண்ணுல பட்டுச்சு. யாரோட வேட்டியிலயோ கிழிச்சது, கறுத்துப் போய்க் கிடந்துச்சு. சாமி கும்பிடுற எடத்துல இது என்ன அசிங்கம்னு தூக்கிப் போட்டுட்டேன். வீட்டுலேருந்து புதுசா ஒரு தேங்காய்ப்பூத் துண்டு கொண்டாந்து, அலசி, மடிச்சு வச்சேன். மஞ்சக் கலரு. தராசு பக்கத்துல பாக்கவே லட்சணமா இருந்துச்சு.

பூஜை முடிஞ்சு மொத சூளை எறங்குச்சு. வழக்கம் போலச் சில்லு எடுத்தேன். காயவச்சு எடை போட்டேன். தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சேன். துளையெல்லாம் தண்ணி குடிச்சப்புறம், மேல ஒட்டியிருக்கிற ஈரத்தை மட்டும் துணியால ஒத்திட்டு மறுபடி எடை. எவ்வளவு தண்ணி குடிச்சுதோ அவ்வளவு துளை. இதுல ரகசியம் ஒண்ணும் இல்லை. ஆனா அன்னைக்கு நாப்பத்திரெண்டு வரலை. முப்பத்தேழு வந்துச்சு.

சந்தனப் பொட்டுதான் தராசைக் கெடுத்துடுச்சோன்னு மொதல்ல அதைத் துடைச்சேன். எடைக்கல்ல வச்சுப் பாத்தா, தராசு சரியாக் காட்டுது. மூணு சில்லு மாத்திப் போட்டேன், மூணும் முப்பத்தேழை ஒட்டியே. துளை குறைஞ்சிருக்குன்னா தீ கூடியிருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜருகிட்ட குடுத்துட்டேன். அவரு வெளியூர்க்காரரு, சின்ன வயசு, நல்ல மாதிரிதான். "அணைச்ச சூளையத் திரும்பப் பத்தவைக்கும்போது எங்கயோ கோட்டை விட்டிருக்காங்க மேடம். பூஜைக்குத் துடைக்கும்போது மீட்டர் கம்பிய இழுத்திருப்பாங்க"ன்னாரு. எல்லாருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. எனக்கும்தான்.

சூளை அண்ணன் என் அறை வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரலை. "தங்கச்சி, பூசணிப்பூ நெறத்துலதான் நிறுத்தினேன். இன்னொரு தரம் பாரேன்"னாரு.

"மூணு தரம் பாத்துட்டேன்ண்ணே. நெறம் உங்க கண்ணுக்குத் தெரியறது. எடை தராசுக்குத் தெரியறது."

இப்படிச் சொன்னேன் நான். என் வாயி அப்படி. சொல்லிட்டு, கெட்டிக்காரத்தனமாச் சொல்லிட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற. அவரு திரும்பிப் போயிட்டாரு.

ரெண்டாவது சூளையும் முப்பத்தேழு, மூணாவதும் முப்பத்தேழு. அவரைச் சூளையில இருந்து எடுத்து உமி சலிக்கிற கொட்டகையில போட்டாங்க. மாசக் கடைசியோட அவரை வேலைய விட்டு நிறுத்திடலாம்னு மேனேஜர் என்கிட்டயே சொன்னாரு. அண்ணனுக்கு உதவியா இருந்தவரைச் சூளைக்குப் போட்டு, தீயைக் குறைச்சு எரிக்கச் சொன்னாங்க.

இதுல ஒண்ணு சொல்லணும், நல்லாக் கேட்டுக்குங்க. துளை குறைஞ்சா குழாய் பலம் ஏறணும். அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்த மூணு சூளைக் குழாயையும் நான்தான் ஒடைச்சுப் பாத்தேன். பலம் ஏறவே இல்லை, எப்பவும் இருக்கிற அதே பலம். தொட்டியில குமிழியும் எப்பவும் வர்ற அதே புகைதான். ரெண்டு சாட்சி வந்து என் முன்னாடி நின்னு நாங்க மாறலைன்னு சொல்லுது. நான் பலத்தை ஒரு பக்கத்துல எழுதிட்டு, துளைய இன்னொரு பக்கத்துல எழுதிட்டு, பக்கத்தைத் திருப்பிட்டேன். குமிழிய வேடிக்கை மட்டும் பாத்தேன்.

தீயைக் குறைச்சு எரிச்ச சூளை எறங்குச்சு. இப்ப நாப்பது வந்துச்சு. மேனேஜருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா மேடம், இன்னும் கொஞ்சம் குறைச்சா சரியாயிடும். இந்த லோடு நாளைக்குத் திருவேட்டக்குடிக்குப் போகட்டும்"னாரு. பலம் எறங்கியிருக்கேன்னு சொன்னேன். "குறைஞ்சபட்சம்னு போட்டிருக்கிற கோட்டுக்கு மேலதானே இருக்கு?"ன்னாரு. கோட்டுக்கு மேலதான் இருந்துச்சு, ஒரு மயிரிழை. சரின்னுட்டு வந்து உக்காந்தேன். குழாய ஒண்ணைக் கையில எடுத்தேன். கட்டை விரலால தேச்சேன். விரல்ல மாவு ஒட்டுச்சு.

அந்த மாவைப் பாத்துட்டே இருந்தேன். வெளிய ஐப்பசி மழை. ஜன்னல் பூரா தண்ணி வழிஞ்சு, வெளிய இருக்கிற தென்னையெல்லாம் கரைஞ்சு போற மாதிரி தெரிஞ்சுது. எனக்கு அந்த ஹேச்சரித் தொட்டி ஞாபகம் வந்துச்சு. அடியில இந்த மாவுக் குழாய் படுத்திருக்கு, மேல அந்தத் தூசி தூசியா உசுரு. எந்த எடத்துலயோ ஒண்ணு தப்பா இருக்கு, எங்கன்னு தெரியலை. தூக்கத்துல யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முழிச்சுப் பாத்தா யாரும் இல்லாம இருக்குமே, அப்படி இருந்துச்சு.

என் மேசையில காகிதம் பறக்காம இருக்க ஒரு சில்லு வச்சிருப்பேன். எனக்கு முன்னாடி இந்த அறையில இருந்தவரு விட்டுட்டுப் போனது. அவரு அதிகம் பேசாத ஆளு. அதோட அடியில மையால நாப்பத்திரெண்டுன்னு எழுதி என்கிட்ட குடுத்து, "இதுக்கு மாறுறதுக்கு ஒரு காரணமும் இல்லை. நம்பர் மாறினா மாறினது இது இல்லை"ன்னு மட்டும் சொன்னாரு. அதை நான் காகிதம் அமுக்கத்தான் வச்சிருந்தேன். அன்னைக்கு எடுத்துக் காயவச்சு, எடை போட்டு, தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டேன். மத்தியானம் சாப்பிடலை. ஆவி ஏறி ஜன்னல் உள்பக்கமும் மங்கிப்போச்சு. மூணு மணிக்கு எடுத்து, ஒத்தி, தராசுல வச்சேன்.

முப்பத்தேழு.

 பத்து வருஷத்துக்கு மேல என் மேசையில கிடந்த சில்லு அது. எந்தச் சூளையும் அதைத் தொடலை, எந்த அண்ணனும் அதுக்குத் தீ வைக்கலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பதினோரு நாளாக் கூடம் கோணல்னு சொல்லிட்டு இருந்தவ நான்தான்.

தராசு சரி. தண்ணி சரி. மிச்சம் இருக்கிறது என் கை. கையில என்ன இருக்குன்னு பாத்தேன். மஞ்சத் துண்டு. அதைப் பிழிஞ்சேன். கிண்ணத்துல சளசளன்னு தண்ணி ஊத்துச்சு.

புரிஞ்சுதா? பழைய வேட்டித் துணி மெல்லிசு, எப்பவும் ஈரத்துலயே கிடக்கும். அது சில்லு மேல இருக்கிற தண்ணிய மட்டும் ஒத்தும். இந்தத் தேங்காய்ப்பூத் துண்டு தடிமன். அதுலயும் பூஜை போட்ட தராசுல தண்ணி சொட்டக் கூடாதுன்னு நான் அதை நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, அழுத்தி அழுத்தித் துடைச்சிருக்கேன். சுத்தமா இருக்கணும்னு பாத்தேன். அது துளைக்குள்ள இருந்த தண்ணியையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிருக்கு. குறைஞ்சது துளை இல்லை, நான் எடைக்கு வச்ச தண்ணி.

பழைய துணி எங்கன்னு தேடினா, குழாயடியில ஒழுகுற தண்ணி டேப்புல யாரோ சுத்தி வச்சிருந்தாங்க. அவுத்துக் கழுவி, அந்தச் சில்லை மறுபடி கொதிக்க விட்டு, பழைய மாதிரியே ஒத்தி வச்சேன். நாப்பத்திரெண்டு.

இப்ப இதைச் சொல்ல எனக்கு இன்னைக்கும் வெக்கமா இருக்கு. ஆனா இதைச் சொல்லலைன்னா மத்தது சொல்லி பிரயோஜனம் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது. துணிய மாத்திட்டு வாயை மூடிக்கிட்டா போதும். அடுத்த சூளையில இருந்து நம்பர் தன்னால ஏறும். தீயைக் குறைச்சதாலதான் சரியாச்சுன்னு மேனேஜர் சந்தோஷப்படுவாரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது, என் பேரும் கெடாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அது பாட்டுக்குப் போயிடும். ரொம்ப நேரம் யோசிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சேன். தொட்டியில காத்த நிறுத்த மறந்திருந்தேன், குமிழி பாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு. அதைப் பாத்தப்ப, இத்தனை நாளும் அது பொய் சொல்லலையேன்னு தோணுச்சு.

துண்டையும் துணியையும் எடுத்துக்கிட்டு மழையில நனைஞ்சபடி உமிக் கொட்டகைக்குப் போனேன். மேனேஜருகிட்ட போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. ஈர உமி வாசனை. மூக்கு வரைக்கும் துணி கட்டிச் சலிச்சிட்டு இருந்தாரு. கண்ணுல புதுசா ஒரு கண்ணாடி. உமித் தூசிக்குப் போட்டிருக்காருன்னு நெனைச்சேன்.

"அண்ணே, உங்க சூளை சரியாத்தான் இருந்துச்சு. தப்பு என் கையில."

சல்லடைய நிறுத்தினாரு. துண்டைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன்.  ஏசுவாருன்னு நெனைச்சேன். ஏசினா நல்லா இருந்திருக்கும். அவரு மூக்குல கட்டியிருந்த துணிய எறக்கிட்டு, மெதுவாக் கேட்டாரு: "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

எனக்கு ஒண்ணும் புரியலை.

"நெறம் பிடிபடலை போலன்னு நெனைச்சிட்டேன் தங்கச்சி. தெனமும் சாயங்காலம் வெந்நீர் அடுப்பு முன்னாடி உக்காந்து வீட்டுல அவளைக் கூப்பிட்டு, இது என்ன நெறம், இது என்ன நெறம்னு கேட்டுட்டே இருக்கேன். அவளுக்குப் பயம் வந்துடுச்சு. ஞாயித்துக்கெழமை காரைக்கால்ல கண்ணு டாக்டரைப் பாத்து இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்தேன்."

வேலை போகுதேன்னு அவரு ஒரு வார்த்தை கேக்கலை. அவரு கேட்டது இதுதான்: "இப்ப எறங்கின சூளை என்ன ஆச்சு?" மாவா இருக்குண்ணேன்னேன். "போக விடாதே. திரும்ப உள்ள வச்சு எரிச்சா தேறிடும்"னு சொல்லிட்டு எழுந்திருச்சாரு.

ரெண்டு பேருமா மேனேஜர் ரூமுக்குப் போனோம். துண்டு அவரு மேசையில சொட்டிச்சு. கேட்டு முடிச்சுட்டு அவரு, "இதை வெளிய தெரியாமலே சரி பண்ணியிருக்கலாமே மேடம்"னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லலை, என்னைக் காப்பாத்தத்தான் சொன்னாரு. "பண்ணியிருக்கலாம் சார். அப்பறம் இவரு யாருக்காக உமி சலிக்கிறாருன்னு நீங்கதான் இவருகிட்ட சொல்லணும்"னேன். அவரு துண்டை மேசையிலேருந்து ஓரமா நகர்த்தி வச்சாரு. அப்பறம் ஹேச்சரிக்கு ஃபோன் போட்டு லோடு நாலு நாள் தள்ளி வரும்னாரு. எனக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை வந்துச்சு. அது என் ஃபைல்ல இன்னும் இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க.

அதுலேருந்துதான் தெனமும் காலையில மொத வேலையா அந்தப் பழைய சில்லை எடை போடுறது. நீங்களும் போடணும். ரெண்டு சோதனை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னா கையெழுத்துப் போடாதீங்க, யாரு அவசரப்படுத்தினாலும். நம்ம எழுதுற நம்பர் நம்ம நோட்டுல நிக்கிறதில்லை. அது யாரோ ஒருத்தரு வீட்டு அடுப்பு வரைக்கும் போகும்.

நாலாம் நாள் காலையில, அவரு திரும்ப எரிச்ச சூளை எறங்குச்சு. மழை விட்டிருந்துச்சு. தட்டுல சில்லும் ஒரு முழுக் குழாயும் எடுத்துக்கிட்டு அவரே வந்தாரு, இந்தத் தடவை உள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. குழாயைத் தொட்டியில விட்டுக் காத்த ஏத்தினேன். வெள்ளையா, பொடிப்பொடியா வந்துச்சு. அவரு அதை இவ்வளவு கிட்ட பாத்ததே இல்லையாம். ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தோம். சில்லெல்லாம் பக்கத்துல கொதிச்சிட்டு இருந்துச்சு. அவரு மூக்கு மேல கண்ணாடி இல்லை.

"எங்கண்ணே கண்ணாடி?"

"பையில கிடக்கு." குமிழிய விட்டுக் கண்ண எடுக்காமலே சொன்னாரு. "அன்னைக்கே டாக்டர் சொன்னாரு தங்கச்சி, கண்ணு நல்லா இருக்கு, கண்ணாடியே வேணாம்னு. நான்தான் கேக்கலை. இல்லைங்க, எங்க லேப்ல இருக்கிற பொண்ணு தப்பா எழுதாது, நீங்க நல்லாப் பாருங்கன்னு அவருகிட்ட சண்டை போட்டு எழுதி வாங்கிட்டு வந்தேன்."

 கிண்ணத்துல கிடந்த பழைய துணிய எடுத்து லேசாப் பிழிஞ்சு, சில்லு வேகுறதுக்காகக் காத்திருந்தேன்.